இடம் கேட்டு வந்தவர்கள்



பெருவிழா முடிந்து எண்கிழமை நடக்கிறது. வாசலில் நட்சத்திரம் இன்னும் எரிகிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரத் தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. வீட்டு மூலையில் குடில் இருக்கிறது. வைக்கோல், மூங்கில் தப்பை, தென்னங்கீற்று, பழைய சாக்கில் சுண்ணாம்பும் சாயமும் தடவிச் செய்த மலை. பிள்ளைகள் அதில் மாட்டையும் ஆட்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் குடிலில் இருந்தே இன்றைய சிந்தனையைத் தொடங்குவோம்.

குடில் வைக்கும் வழக்கத்தை நமக்குப் பரவலாக்கித் தந்தவர் அசிசி நகர் புனித பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் மலைக்கிராமத்தில், ஒரு குகையில் தீவனத்தொட்டி வைத்து, வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே பொம்மைகள் எதுவும் இல்லை. ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து கூடினார்கள், அங்கேயே திருப்பலி நடந்தது. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாளில் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலின் பொருளைப் பற்றி ஒரு திருமடலில் கையொப்பமிட்டார். வீடுகளில் குடில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கிரேச்சோ நிகழ்ச்சி நடந்து சரியாக 400 ஆண்டுகள் கழித்து, நம் சேலத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதை நம்மில் பலர் மறைக்கல்வி வகுப்பில் ஒரு வரியாகக் கேட்டிருப்போம். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியை நமக்குத் தத்துவ போதகர் என்ற பெயரில் தெரியும். 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். 1605-இல் கோவாவுக்கு வந்தார், அடுத்த ஆண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தார். காவி உடுத்தி, மரப்பாதுகை அணிந்து, புலால் மறுத்து, நாளுக்கு ஒருவேளை உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். அருள், பூசை, கோவில் என்று நாம் இன்று கூச்சமில்லாமல் சொல்லும் சொற்களைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் உறுதியாகக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி. அவருக்கு முன்னால் கடற்கரையில் வழங்கிய மறையுரைத் தமிழில் போர்த்துகீசியச் சொற்கள் மணலோடு கலந்த அரிசிபோலக் கிடந்தன. ஆனால் அவருடைய வழிமுறையை அவருடைய சொந்தத் திருச்சபையினரே சந்தேகித்தார்கள். ஐரோப்பியக் குரு ஒருவர் சந்நியாசியாக வேடமிடலாமா, திருமுழுக்குப் பெற்றவர்கள் பூணூலும் குடுமியும் வைத்திருக்கலாமா என்று பத்தாண்டுக்கும் மேலாக வழக்கு நடந்தது. இறுதியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அது பாய்மரக் கப்பல் காலம். ரோமில் எழுதிய கடிதம் இந்தியாவில் கரைசேர மாதக்கணக்கில் ஆகும்.

அதே 1623-இல் அவர் மதுரையை விட்டு வடக்கு நோக்கி நடந்தார். அப்போது அவருக்கு வயது 45 இருக்கும். திருச்சி வழியாகக் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் வந்தார். அங்கே ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர். நாமக்கல் பாறைமேல் நிற்கும் கோட்டையைக் கட்டியவர் என்று அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். அவர் துறவியை மரியாதையோடு வரவேற்றார். தங்க இடம் தரவும் முன்வந்தார். இந்த அளவில் கதை நன்றாகத்தான் போகிறது.

சேந்தமங்கலத்திலிருந்து சேலம் வந்தபோது நிலைமை மாறியது. ஊருக்குள் ஒருவரும் அவருக்கு வீடு தரவில்லை. இவர் யார், எந்தக் குலம், எதற்கு வந்தார் என்ற ஐயம் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டது. வழிப்போக்கர் தங்கும் திறந்த இடத்தில், காற்றுக்கும் புழுதிக்கும் நடுவில் அவர் பல நாட்கள் கிடந்தார். நோயும் வந்தது. அவர் அங்கிருந்து கிளம்பவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மரியாதை கிடைத்த சேந்தமங்கலம் ஒருநாள் நடை தூரம்தான். திரும்பிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் காத்திருந்தார். நோயில் கிடந்தவரைப் பார்த்துப் பார்த்து ஊரார் மனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அதன் பிறகே அவருக்கு ஒரு கூரை கிடைத்தது.

ஆக, சேலம் நகரில் நற்செய்தியின் வரலாறு 'இடமில்லை' என்ற பதிலோடு தொடங்குகிறது. பெத்லகேமிலும் அப்படித்தான்.

இந்த இடத்தில் லூக்கா நற்செய்தியின் ஒரு சொல்லைப் பார்ப்பது நல்லது. குழந்தை இயேசுவைத் தீவனத்தொட்டியில் கிடத்தியதற்குக் காரணம், விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பில் சத்திரம் என்று இருக்கும். மூல கிரேக்கத்தில் அங்கே உள்ள சொல் கட்டலூமா. இதே லூக்கா, நல்ல சமாரியர் காயம்பட்டவரைச் சேர்த்த விடுதிக்கு வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆனால் இயேசு கடைசி இராவுணவுக்குக் கேட்ட அறையைச் சொல்லும்போது மறுபடி கட்டலூமா என்கிறார். அதனால் விவிலிய அறிஞர்கள் பலர், பெத்லகேமில் இல்லாமற்போனது காசுக்குத் தங்கும் விடுதியின் அறை அல்ல, ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். யோசேப்புக்குப் பெத்லகேம் பூர்வீக ஊர். அங்கே பங்காளிகள் இருந்திருப்பார்கள், மாமன் மச்சான் இருந்திருப்பார்கள். குடிக்கணக்குக்காக எல்லோரும் ஊர் திரும்பிய நேரம், வீடு நிறைந்திருந்தது. பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்கு உள்ளறையில் இடம் ஒதுக்கித் தர யாருக்கும் தோன்றவில்லை. மாடு கட்டும் பகுதியைக் காட்டினார்கள்.

பெரிய கொடுமை என்று யாரும் இதைச் சொல்ல முடியாது. உறவினர் வீடுகளில் நாம் எல்லோரும் பார்த்த விஷயம்தான். 'வேண்டாம்' என்று யாரும் சொல்வதில்லை. 'கொஞ்சம் நெருக்கடியாக இருக்கிறது, அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்கிறவருக்கு உடனே புரிந்துவிடும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நம் இளைஞர்களோடு கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். ஒரு வீட்டில் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. பாட்டு, செபம், குழந்தைகளுக்கு மிட்டாய், அடுத்த வீடு. அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டின் நிலைமை கண்ணில் படாமல் போகாது. சில வீடுகளில் ஆண்கள் இல்லை. லாரியில் குஜராத்துக்கோ அசாமுக்கோ போயிருப்பார்கள், ரிக் வண்டியோடு எங்கோ வட மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இது புதிதல்ல. மனைவி கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, நாம் பாடுவதை வண்டியோட்டும் கணவருக்குக் காட்டுவார். அந்த வீடுகளைப் பற்றி நமக்குக் கவலை குறைவு. ஆள் இல்லாவிட்டாலும் அவருக்கான இடம் அங்கே இருக்கிறது. தட்டு எடுத்து வைத்திருப்பார்கள், புதுச் சட்டை மடித்து வைத்திருப்பார்கள்.

கவலை தருபவை வேறு வீடுகள். ஒரே களத்துமேட்டில் அண்ணன் வீடும் தம்பி வீடும் இருக்கும், நடுவில் புதிதாகக் கட்டிய ஹாலோபிளாக் சுவர். அண்ணன் வீட்டில் பாடிவிட்டு நாம் அப்படியே பக்கத்து வாசலுக்குப் போக முடியாது. தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குத்தகை, வண்டித் தடம், கிணற்றுப் பாத்தியதை, அப்பா எழுதிய உயில் என்று காரணம் ஏதோ ஒன்று இருக்கும். நற்கருணை வாங்க இருவரும் வருவார்கள், வேறு வேறு வரிசையில்.

இந்தப் பங்காளிப் பகை நம் சமவெளிக்கு நேற்று வந்ததல்ல. தத்துவ போதகரின் வரலாற்றிலேயே அது இருக்கிறது. அவர் சேலத்துக்கு வந்தபோது அந்நகரை ஆண்டவருக்கு மூத்த சகோதரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் திருமங்கல நாயக்கர். மூத்தவராயினும் ஆட்சி அவரிடம் இல்லை. உரிமையை இழந்து, மோரமங்கலத்தில் ஒதுங்கி வாழ்ந்துவந்தார். பாகப்பிரிவினையில் தோற்ற அண்ணன் என்று நம் ஊர் மொழியில் சொல்லலாம். அவர்தான் இந்தத் துறவியைத் தேடி வந்து பேசினார், மறுபடி மறுபடி கேட்டார். சில ஆண்டுகளுக்குள் தம் பிள்ளைகளோடு திருமுழுக்குப் பெற்றார். மோரமங்கலம் மதுரை மறைப்பணித்தளத்தின் முக்கிய ஊர்களில் ஒன்றாயிற்று.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அரசு குடும்பத்தவர் ஒருவர் வந்ததும் நற்செய்திக்கு வெற்றி கிடைத்துவிட்டது என்று பழைய நூல்கள் சில மகிழ்ச்சியோடு எழுதுகின்றன. நமக்கு அந்த மகிழ்ச்சி அவ்வளவாக இல்லை. திருமங்கல நாயக்கரிடம் கொடுப்பதற்கு அரசு ஏது? திருமுழுக்கு அவருக்கு இழந்த அரியணையை வாங்கித் தரவும் இல்லை. சுற்றத்தாரின் வெறுப்பைத்தான் கூட்டியிருக்கும். அப்படியானால் எதை நம்பி வந்தார்?

இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு வசதியைத் தருகிறது. எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு. பட்டா நம் பெயருக்கு மாறும், மகனுக்கு வேலை கிடைக்கும், மரவள்ளிக்கு விலை ஏறும் என்று காத்திருப்பது எதிர்பார்ப்பு. அது தவறில்லை, எதிர்பார்ப்பு இல்லாமல் யாரும் வெள்ளாமை வைக்க முடியாது. ஆனால் விலை விழுந்தால் அதுவும் விழும். கேட்டது கிடைக்காமலேயே போனாலும், கடவுள் தம் வாக்கில் மாறாதவர் என்ற உறுதியில் நின்று வாழ்வது எதிர்நோக்கு. ஆபிரகாமைப் பற்றிப் புனித பவுல் உரோமையருக்கு எழுதும்போது இதைத்தான் சொல்கிறார். நம்பிக்கை வைக்க ஏதும் இல்லாத நிலையிலும் அவர் எதிர்நோக்கினார். தத்துவ போதகர் எழுதிய தமிழ் நூல்களில் ஒன்று நித்திய சீவன சல்லாபம், அதாவது நிலைவாழ்வைப் பற்றிய உரையாடல். நாட்டை இழந்த ஒருவரோடு பேசிப் பழகியவருக்கு அந்தப் பொருள் ஏட்டில் மட்டும் இருந்த பொருளாக இருந்திருக்காது என்று நமக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தத்துவ போதகர் திறந்த கதவு எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. உயர்சாதியினர் வரவேண்டும் என்பதற்காக அவர் மற்றவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். தாழ்த்தப்பட்ட மக்களிடம் போவதற்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் 1640-இல் அருள்தந்தை பல்தசார் தா கோஸ்தாவோடுதான் தொடங்கினார்கள். வீடு கிடைக்காத வேதனையைச் சேலத்தில் தம் உடம்பிலேயே அனுபவித்த ஒருவர், ஆலயத்துக்குள்ளேயே இரண்டு இடங்கள் உருவாவதைப் பொறுத்துக்கொண்டார். அந்த இரண்டு இடங்களை ஒன்றாக்கும் வேலை இன்றும் முடியவில்லை. கல்லறைத் தோட்டங்களைக் கேட்டால் அவையே சொல்லும்.

நம் மறைமாவட்டத்தின் பிற்கால வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும், விரைவாகக் கடந்துவிடுவோம். 1930 மே 26 அன்று சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. பாரீஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த ஹென்றி புருனியே முதல் ஆயர். 1997 ஜனவரியில் தர்மபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. அதே மாதத்தில்தான் நாமக்கல்லும் தனி வருவாய் மாவட்டமாயிற்று. நம் தலைமை ஆலயம் குழந்தை இயேசு பேராலயம். குழந்தையின் பெயரைத் தாங்கிய பேராலயம் நம் நகரில் இருப்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இனிச் சொல்லப்போவது அந்தப் பெருமையோடு சேர்த்துக் கேட்க வேண்டியது.

வரும் ஞாயிறு டிசம்பர் 28, திருக்குடும்பப் பெருவிழா. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்ற கருத்தோடு தொடங்கிய யூபிலி ஆண்டு உலகெங்கும் மறைமாவட்டங்களில் அன்றோடு நிறைவு பெறுகிறது. ரோமில் திருக்கதவு 2026 ஜனவரி 6 அன்று மூடப்படும். நம் நாட்காட்டியில் டிசம்பர் 28-க்கு இன்னொரு நினைவும் உண்டு. அது மாசில்லாக் குழந்தைகள் திருநாள். இந்த ஆண்டு அந்த நாள் ஞாயிறாக வருவதால் திருக்குடும்பப் பெருவிழா அந்தத் திருநாளின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் நற்செய்தியில் இரண்டையும் பிரிக்க முடியாது. யோசேப்பு குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போனதே ஏரோதின் வாளுக்குப் பயந்துதான்.

ஏரோது தேடியது ஆண் குழந்தைகளை. நம் சமவெளியில் பெண் குழந்தைகளைத் தேடினார்கள். வாளோடு வரவில்லை. கள்ளிப்பாலோடு வந்தார்கள். வந்தவர்கள் அரண்மனைக் காவலர்களும் அல்லர், சொந்தப் பாட்டிமார்கள், சில வீடுகளில் பெற்றவர்களே.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிவந்தபோது, நாமக்கல் இன்னும் பிரியாத அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதம் கொண்ட மாவட்டங்களில் நம் மாவட்டமும் ஒன்று. அடுத்த ஆண்டு, 1992-இல், தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அது முதலில் தொடங்கிய இடம் நம் சேலம். பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்பது அதன் சாரம். பின்னர் 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

அப்போது நாம் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். நாளிதழில் அந்தத் தொட்டிலின் படம் வந்தது. வெறுந்தொட்டில், மேலே ஒரு பலகை. விடுதி அறிவிப்புப் பலகையில் அதை யாரோ ஒட்டியிருந்தார்கள். அது திருவருகைக்காலமாக இருந்திருந்தால் கதை இன்னும் அழகாக இருக்கும், ஆனால் மாதம் நினைவில்லை. நினைவில் நிற்பது வேறு. அன்று கிறிஸ்துவியல் வகுப்பில் வார்த்தை மனுவுருவானதைப் பற்றி ஒரு மணி நேரம் நுட்பமாக வாதிட்டோம். அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றபோது யாரும் எதுவும் பேசவில்லை.

தொட்டில் வைப்பது உலகில் புதிது அல்ல. திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரோமில் தூய ஆவி மருத்துவமனையின் சுவரில் சுழலும் பெட்டி ஒன்று வைத்ததாக மரபு சொல்கிறது. வெளியே இருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், தாயின் முகம் தெரியாது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்றே மாசில்லாக் குழந்தைகளின் பெயரில் ஒரு பெரிய இல்லம் கட்டினார்கள். 1445 பிப்ரவரி 5 அன்று அந்த இல்லத்துக்கு முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்று புனித ஆகத்தா திருநாள் என்பதால் ஆகத்தா ஸ்மெரால்டா என்று பெயரிட்டார்கள். அந்த இல்லத்தின் பதிவேடுகளைப் பார்த்தவர்கள், விட்டுச் செல்லப்பட்டவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்கிறார்கள். வரதட்சணைக்குப் பயந்த ஊர் புளோரன்சும்தான். கத்தோலிக்க ஊர் வேறு. ஆலயமணி நாள்தோறும் அடித்த ஊர்.

இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நம் பங்கு மக்கள் சிலர், 'அதெல்லாம் மற்றவர்கள் சாமி, நம்மிடம் கிடையாது' என்பார்கள். 849 என்ற எண்ணைக் கணக்கெடுத்தவர்கள் மதம் பார்த்துப் பிரித்து ஒதுக்கவில்லை. இத்தனை பவுன், சீர்வரிசை, கார் என்று நம் திருமணப் பேச்சுகளும் மற்றவர் வீட்டுப் பேச்சுகளைப் போலத்தான் நடக்கின்றன. ஓலை வாசிப்பதற்கு முந்தைய நாள் வரை பேரம் நடந்த வீடுகளைக் குருக்கள் எல்லோரும் அறிவோம். அறிந்தும் திருமணத் திருப்பலியில் கானாவூரைப் பற்றி மறையுரை வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

தொட்டில் திட்டத்தை எதிர்த்தும் நேர்மையான குரல்கள் எழுந்தன. கைவிடுவதை அரசே எளிதாக்குகிறது, வேண்டாத பெண் என்ற எண்ணத்துக்கு அரசு முத்திரை குத்துகிறது என்று பெண்கள் அமைப்புகள் வாதிட்டன. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. தொட்டிலில் கிடந்து அழும் குழந்தைக்கு அந்த வாதம் பொறுக்காது என்பதும் நியாயமே. தீவனத்தொட்டியும் குழந்தைக்கு ஏற்ற இடம் இல்லை. உள்ளறை கிடைக்காததால் அது தேவைப்பட்டது. மரியா அந்தக் குறையை மறைக்காமல், துணிகளில் பொதிந்து, கிடைத்த இடத்தில் கிடத்தினார்.

2001-இல் சேலம் மாவட்டத்தின் எண் 851. பத்தாண்டில் இரண்டே இரண்டு கூடியிருந்தது. கள்ளிப்பாலின் வேலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தது, 1994-இல் சட்டம் வந்த பிறகும். 2011-இல் 900-ஐத் தாண்டியது. பள்ளிப் படிப்பு, சுய உதவிக் குழுக்கள், கிராமச் செவிலியர்கள், வழக்குகள், உதவித்தொகைகள் என்று பலர் பல பக்கம் இழுத்த தேர் அது. நம் கன்னியரும் இழுத்தார்கள். கர்ப்பிணிகளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு மாதாமாதம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுவார்கள். பேறுகாலம் முடிந்த வாரத்தில் இன்னும் அடிக்கடி போவார்கள். 'எதற்கம்மா வந்தீர்கள்' என்று கேட்டால், 'சும்மா, பார்த்துவிட்டுப் போகலாம் என்று' என்பார்கள். ஒருவர் கண் ஒரு வீட்டின் மேல் இருந்தது, அதனால் ஒரு குழந்தை பிழைத்தது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி ஆண்டை அறிவித்து 2024 மே 9 அன்று வெளியிட்ட ஆணை மடலில், எதிர்நோக்கின் அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே வந்து, உயிரைப் பிறர்க்குக் கடத்தும் விருப்பத்தையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். பல நாடுகளில் பிள்ளை பெறும் ஆசையே குறைகிறது என்பது அவருடைய கவலை. நம் ஊரில் கவலையின் வடிவம் சற்று வேறு. இங்கே பிள்ளை வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. எந்தப் பிள்ளை என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கிறோம். முதல் குழந்தை ஆண் என்றால் மண்டபம் பிடிக்கிறார்கள், பிரியாணி, ஃபிளெக்ஸ் போர்டு, தாய்மாமன் சீர். இரண்டாவது பெண் என்றால், 'ஞாயிறு பூசையிலேயே முடித்துவிடலாம் சாமி, சிம்பிளாக' என்கிறார்கள். சிம்பிள் நல்லதுதான். அண்ணன் திருமுழுக்கும் சிம்பிளாக நடந்திருந்தால் நாம் வாயே திறக்க மாட்டோம். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் தாயின் முகத்தை மட்டும் பார்த்தால் போதும். யாரும் அவளைத் திட்டவில்லை, வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. அந்தப் பக்கம் நின்றுகொள் என்று யாரோ சொன்னதுபோல நிற்கிறாள்.

வரும் ஞாயிறு காலைத் திருப்பலியில் நம் பங்கில் இரண்டு காரியங்கள் வைத்திருக்கிறோம். கருவுற்றிருக்கும் தாய்மார்களுக்குக் கணவரோடும் மாமியாரோடும் சேர்த்து ஆசீர் வழங்கப்படும். மாமியார்கள் கட்டாயம் வரவேண்டும், பின்னால் நின்று பார்ப்பதற்கல்ல, மருமகளின் தலைமேல் கைவைத்துச் செபிப்பதற்கு. அடுத்து, இந்த ஆண்டு பெண் குழந்தை பிறந்த வீட்டார் குழந்தையோடு முதல் மூன்று வரிசைகளில் அமர வேண்டும். அந்த வரிசைகளில் வழக்கமாக அமரும் பெரியவர்கள் அன்று ஒரு நாள் இடம் விட்டுக் கொடுங்கள். குடிலில் வைக்கோலுக்குப் பதிலாக இந்த முறை நம் இளைஞர்கள் நெசவாளர் வீட்டுப் பருத்திச் சேலை ஒன்றில் தூளி கட்டியிருக்கிறார்கள், குழந்தை இயேசு அதில்தான் இருக்கிறார். கைக்குழந்தையோடு வருகிறவர்கள், பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம். மறையுரையை நாம் நிறுத்திக்கொள்கிறோம்.